'இன்னும் கொஞ்சம் போடலாமா?': பல் ஊசிக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பத் திரும்பச் சொன்னவற்றையும் குறைத்திருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு வாய்ஸ் நோட்டில் இருந்து ஆரம்பிக்கலாம். ரூட் கெனால் பண்ணப் போன ஒரு நேயர் அனுப்பியது. அவர் சொன்னதை அப்படியே சொல்றேன்: "டாக்டர் ஒரு ஊசி போட்டார், மரத்துப்போகல. ரெண்டாவது போட்டார், அப்பவும் லேசா வலி. மூணாவது போடும்போது எனக்குப் பயம் வந்துடுச்சு. இப்படி எத்தனை ஊசி போடலாம்? இதுக்கு லிமிட் ஏதாவது இருக்கா?"

இருக்கு. அதுவும் குத்துமதிப்பான லிமிட் இல்ல. பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டால் வருகிற எண். கேள்வி கேட்டவருக்கு இப்போதே ஒரு வார்த்தை: நீங்க பயப்பட வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஏன் என்று கணக்கோடு சொல்றேன்.

ஆனால் அதே மூன்று ஊசி ஒரு சின்னக் குழந்தைக்கு என்றால் கதையே வேறு. அது எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த மூன்றாவது ஊசியைக் கையில் எடுத்தது நான்தான்.

அந்த மூன்றாவது சிரிஞ்ச்

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்த காலம். குழந்தைகள் பல் பிரிவில் போஸ்டிங். ஒரு அம்மா, அஞ்சு வயதுப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். விடியற்காலையில் பஸ் பிடித்து, ரெண்டு பஸ் மாறி வந்திருக்கிறார்கள். பையனுக்குக் கீழ்த்தாடையில் ரெண்டு பக்கமும் பால் பற்கள் சொத்தையாகி, எடுக்க வேண்டிய நிலை. இடது பக்கம் ரெண்டு, வலது பக்கம் ரெண்டு.

அந்த அம்மா கேட்டது ஒன்றுதான். "சார், ஒரே நாள்ல முடிச்சிடுங்க. திரும்ப வந்தா இன்னொரு நாள் கூலி போயிடும்."

நியாயமான கேள்விதானே. நானும் "பாத்துக்கலாம்மா" என்றேன். முதலில் ஈறில் மரத்துப்போகும் ஸ்பிரே ரெண்டு தடவை அடித்தேன். அப்புறம் இடது பக்கம் 2 மி.லி. ஊசி. கொஞ்ச நேரம் கழித்துப் பல்லைத் தொட்டால் "வலிக்குது"ன்னு அழுகை. இன்னும் 1 மி.லி. போட்டேன். ரெண்டு பல்லையும் எடுத்தாச்சு. அழுகை கொஞ்சம் அடங்கியது. சரி, இதே சூட்டோடு வலது பக்கத்தையும் முடித்துவிடலாம் என்று இன்னொரு 2 மி.லி. ஏற்றினேன்.

பக்கத்தில் அசிஸ்டென்ட் அக்கா. இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் பிரிவிலேயே இருக்கிறவர். மெதுவாகக் கேட்டார். "டாக்டர், இது மூணாவது. பையன் எவ்ளோ வெயிட்?"

"பதினஞ்சு கிலோ இருக்கும்க்கா."

"இருக்குமா, இருக்கா?"

அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பையனை இறக்கி, மூலையில் இருந்த மெஷினில் ஏற்றினோம். 14 கிலோ. அக்கா ஒன்றும் பேசவில்லை. நான் டிரேயில் விரித்திருந்த பேப்பரில் கணக்குப் போட்டேன். போட்டு முடித்ததும் கை சில்லிட்டது. என்ன வந்தது என்று சொல்வதற்கு முன்னால், இந்த மருந்து என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

மருந்து பல்லோடு நின்றுவிடுவதில்லை

நம்ம ஊர் பல் கிளினிக்குகளில் அதிகம் பயன்படுவது லிக்னோகெயின். லிடோகெயின் என்றாலும் இதுதான். 1943-ல் ஸ்வீடன் வேதியியலாளர் நீல்ஸ் லோஃப்கிரென் இதை உருவாக்கினார். அவரோடு வேலை செய்த பெங்ட் லுண்ட்க்விஸ்ட் தன் உடம்பிலேயே ஊசி போட்டுச் சோதித்துப் பார்த்தார். 1948-ல் சந்தைக்கு வந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பல் மருத்துவத்தில் இதுதான் அளவுகோல். காரணம், இது நிஜமாகவே பாதுகாப்பான மருந்து. அளவு மீறாத வரைக்கும்.

வேலை செய்வது இப்படி. வலி என்பது நரம்பு வழியாக மூளைக்கு ஓடுகிற ஒரு மின் செய்தி. அந்தச் செய்தி ஓட, நரம்பின் சுவரில் சோடியம் உள்ளே நுழைவதற்கான சின்னச் சின்ன வாசல்கள் திறக்க வேண்டும். லிக்னோகெயின் அந்த வாசல்களை அடைத்துவிடும். செய்தி நடுவழியிலேயே நின்றுவிடும். பல்லைப் பிடுங்கினாலும் மூளைக்குத் தகவல் போகாது.

பிரச்சினை என்னவென்றால், அதே மாதிரி வாசல்கள் மூளையிலும் இருக்கின்றன, இதயத்திலும் இருக்கின்றன. ஊசி போட்ட இடத்தில் இருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் கலக்கும். கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றும். வருகிற வேகமும் போகிற வேகமும் ஒத்துப்போகிற வரை ரத்தத்தில் அளவு குறைவாகவே இருக்கும். ஒரேயடியாக நிறைய வந்தால், அல்லது ஊசி தவறுதலாக ரத்தக் குழாய்க்குள்ளேயே போய்விட்டால், மருந்து மூளைக்கும் இதயத்துக்கும் போய் அங்கேயும் வாசலை அடைக்க ஆரம்பிக்கும்.

அதனால்தான் எடை முக்கியம். மருந்து பரவ இடம் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு நம்மிடம் இருக்கிற சுலபமான அளவுகோல் எடைதான். ஒரு ஸ்பூன் உப்பை அண்டாவில் போடுவதும் டம்ளரில் போடுவதும் ஒன்றா?

கணக்கு: மூன்றே படி

இப்போ பேப்பர் எடுத்துக்குங்க. பல் மருத்துவம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இது ரிவிஷன். மற்றவர்களுக்கு, அஞ்சாம் வகுப்புக் கணக்கு.

முதல் படி: ஒரு மி.லி.யில் எத்தனை மில்லிகிராம்? குப்பியில் 2 சதவீதம் என்று போட்டிருக்கும். 100 மி.லி.யில் 2 கிராம் என்று அர்த்தம். அதாவது 2,000 மி.கி. அப்போ 1 மி.லி.யில் 20 மி.கி. குறுக்குவழி: சதவீதத்தைப் பத்தால் பெருக்குங்க. 2 சதவீதம் என்றால் 20, 4 சதவீதம் என்றால் 40. கார்ட்ரிட்ஜ் பயன்படுத்தினால், அதில் 1.8 மி.லி. இருந்தால் 36 மி.கி.

ரெண்டாவது படி: இந்த ஆளுக்கு அதிகபட்சம் எத்தனை மில்லிகிராம்? அட்ரினலின் சேர்த்த லிக்னோகெயினுக்குப் பெரியவர்களுக்கு மருந்து லேபிள் தருகிற உச்சவரம்பு கிலோவுக்கு 7 மி.கி., மொத்தமாக 500 மி.கி.யைத் தாண்டக் கூடாது. குழந்தைகளுக்கு அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி சொல்வது கிலோவுக்கு 4.4 மி.கி., மொத்தம் 300 மி.கி.க்குள். பெரியவர்களுக்கும் இந்த 4.4-ஐயே வைத்துக்கொள்கிற டாக்டர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். ஏன் என்றால், இது 'இவ்வளவு போடு' என்கிற இலக்கு இல்லை. 'இதற்கு மேல் போகாதே' என்கிற கோடு. கோட்டை ஒட்டியே வண்டி ஓட்ட வேண்டிய அவசியம் இல்லையே.

மூன்றாவது படி: ரெண்டாவது படியில் வந்ததை முதல் படியால் வகுத்தால் மி.லி. கிடைத்துவிடும்.

நம்ம வாய்ஸ் நோட் நேயருக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 60 × 4.4 = 264 மி.கி. அதை 20-ஆல் வகுத்தால் 13.2 மி.லி. அவருக்கு மூன்று ஊசி, ஒவ்வொன்றும் 2 மி.லி. என்றாலும் 6 மி.லி.தான். பாதிகூட ஆகவில்லை. நிம்மதியா இருங்க.

இப்போ அந்தப் பையன். 14 × 4.4 = 61.6 மி.கி. 20-ஆல் வகுத்தால் 3.08 மி.லி. நான் ஏற்கெனவே போட்டது 3 மி.லி. அதாவது 60 மி.கி. கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தேன். கையில் இருந்த சிரிஞ்சில் இன்னும் 40 மி.கி. அதையும் போட்டிருந்தால் மொத்தம் 100. கிலோவுக்கு 7 மி.கி.க்கும் மேல்.

அது எவ்வளவு என்று உறைக்க வேண்டுமென்றால் இப்படிப் பாருங்க. 60 கிலோ இருக்கிற ஒருத்தருக்கு அதே விகிதத்தில் போட வேண்டும் என்றால் 21 மி.லி.க்கு மேல் வரும். 2 மி.லி. சிரிஞ்ச் பத்துக்கும் மேல். எனக்கு யாராவது பத்து சிரிஞ்ச் போட வந்தால் நான் சேரில் இருந்து எழுந்து ஓடியிருப்பேன். ஆனால் குழந்தைக்கு 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரிந்தது. பெரியவர்களுக்குப் போட்டுப் பழகிய கை, சிரிஞ்சின் அளவைத்தான் பார்க்கும். ஆளின் அளவைப் பார்க்காது.

இன்னொன்றும் இருக்கு. அந்த ஸ்பிரே. 10 சதவீத லிக்னோகெயின் ஸ்பிரே ஒருமுறை அழுத்தினால் சுமார் 10 மி.கி. வரும். ரெண்டு தடவை அடித்தேன், 20 மி.கி. அது முழுவதும் ரத்தத்துக்குப் போகாது. ஆனாலும் ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் மருந்தை நன்றாகவே உறிஞ்சும். அதனால் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். நான் சேர்க்கவில்லை. அது 'ஊசி' இல்லையே என்று மூளை ஒதுக்கிவிட்டது.

'ஸ்ட்ராங்' மருந்து என்றால் குறைவாகத்தான்

இங்கே ஒரு பொறி இருக்கு. ஆர்ட்டிகெயின் என்று இன்னொரு மருந்து. எலும்புக்குள் நன்றாக இறங்கும் என்பதால் பல டாக்டர்களுக்குப் பிடிக்கும். இது 4 சதவீதத்தில் வரும். அதாவது 1 மி.லி.யில் 40 மி.கி. இதன் வரம்பு கிலோவுக்கு 7 மி.கி. '7 ஆச்சே, 4.4-ஐ விட அதிகம்தானே, நிறையப் போடலாம்' என்று தோன்றும். அதே 14 கிலோ பையனுக்குப் போட்டுப் பாருங்க: 98 மி.கி. 40-ஆல் வகுத்தால் 2.45 மி.லி.தான். லிக்னோகெயினை விடக் குறைவு. இன்னொரு விஷயம், நாலு வயதுக்குக் கீழ் இதைப் பரிந்துரைப்பதில்லை.

ரெண்டு மருந்தைக் கலந்து போட்டால் ரெண்டு தனிக் கணக்கு கிடையாது. விஷத்தன்மை கூடிக்கொண்டே போகும். லிக்னோகெயின் வரம்பில் 60 சதவீதம் போட்டாச்சு என்றால், அடுத்த மருந்தின் வரம்பில் மிச்சம் 40 சதவீதம்தான்.

நேரமும் அப்படித்தான். 'அரை மணி ஆச்சு, பழையது போயிருக்கும்' என்று புதுக் கணக்கு ஆரம்பிக்க முடியாது. லிக்னோகெயினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஒன்றரை முதல் ரெண்டு மணி நேரம் ஆகும். கல்லீரல் பலவீனமாக இருந்தால் இன்னும் அதிகம். ஒரு சிட்டிங் என்றால் ஒரே கணக்கு.

தாத்தாவுக்கு வேற லிமிட்

குப்பியில் லிக்னோகெயினோடு அட்ரினலினும் இருக்கும். பயந்தால் நம் உடம்பே சுரக்கிற அதே பொருள்தான். இது ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால் மருந்து போட்ட இடத்திலேயே அதிக நேரம் தங்கும், ரத்தத்தில் மெதுவாகக் கலக்கும், ரத்தக் கசிவும் குறையும். மரத்துப்போவது நீடிக்கவும் இதுதான் காரணம், பாதுகாப்புக்கும் இதுதான் காரணம்.

லேபிளில் 1:80,000 என்று போட்டிருந்தால், 80,000 மி.லி.க்கு 1 கிராம். வகுத்தால் 1 மி.லி.யில் 0.0125 மி.கி. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு சிட்டிங்கில் அதிகபட்சம் 0.2 மி.கி. அதாவது 16 மி.லி. இதயநோய் உள்ளவருக்கு 0.04 மி.கி.தான். அதை 0.0125-ஆல் வகுத்தால் 3.2 மி.லி.

இப்போ வேடிக்கையைப் பாருங்க. உங்க தாத்தா 60 கிலோ, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார். லிக்னோகெயின் கணக்கு அவருக்கு 13.2 மி.லி. வரை அனுமதிக்கிறது. அட்ரினலின் கணக்கு 3.2-லேயே கையைக் காட்டி நிறுத்துகிறது. ரெண்டில் எது முதலில் முட்டுகிறதோ அதுதான் அவருடைய எல்லை. அதனால்தான் பல் டாக்டர் உங்க ஹார்ட் பற்றியும், பி.பி. மாத்திரை பற்றியும் கேட்கிறார். ப்ரோப்ரனோலால் மாதிரி சில மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கு அட்ரினலினைக் குறைத்துத்தான் கொடுக்க வேண்டும். பதற்றத்துக்கும் மைக்ரேனுக்கும்கூட அந்த மாத்திரையைத் தருவார்கள். 'பல்லுக்கும் மைக்ரேனுக்கும் என்ன சம்பந்தம்'ன்னு மறைக்காதீங்க. சம்பந்தம் இருக்கு.

ஒரு சின்ன விஷயம். ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்தால், "எனக்கு அனஸ்தீசியா அலர்ஜி"ன்னு பலர் முடிவு பண்ணிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது அட்ரினலின், இல்லையென்றால் பயம். லிக்னோகெயினுக்கு உண்மையான அலர்ஜி மிக அரிது.

ஏன் 'இன்னும் கொஞ்சம்' கேட்கிறது?

யாரும் வேண்டுமென்றே அதிகம் போடுவதில்லை. மரத்துப்போகாததால்தான் போடுகிறோம். ஏன் மரத்துப்போகவில்லை?

ஒரு காரணம் சீழ். இந்த மருந்து நரம்பின் கொழுப்புச் சுவரைத் தாண்டி உள்ளே போனால்தான் வேலை செய்யும். அப்படித் தாண்டுவதற்கு அது மின்னேற்றம் இல்லாத வடிவத்தில் இருக்க வேண்டும். சீழ் பிடித்து வீங்கிய இடத்தில் அமிலத்தன்மை அதிகம். அங்கே மருந்தின் பெரும்பகுதி மின்னேற்றம் பெற்று, சுவருக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் இன்னும் ரெண்டு சிரிஞ்ச் கொட்டினாலும் பலன் குறைவுதான். ரத்தத்தில் அளவு ஏறுவது மட்டும் நிச்சயம். சரியான வழி, வீக்கம் இல்லாத இடத்தில் நரம்பை மேலேயே பிடிப்பது, இல்லையென்றால் சீழை வடிய விட்டு இன்னொரு நாள் வரச் சொல்வது. 'ரெண்டு நாள் கழிச்சு வாங்க'ன்னு டாக்டர் சொன்னால் அவர் உங்களை அலைக்கழிக்கிறார் என்று நினைக்காதீங்க.

ரெண்டாவது காரணம், குறி தவறுவது. கீழ்த்தாடை நரம்பு எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தவறான இடத்தில் போட்ட 2 மி.லி. வலியை நிறுத்தாது, ஆனால் கணக்கில் ஏறும்.

மூன்றாவது, குழந்தைகளிடம் மட்டும் வருவது. இந்த மருந்து வலியை நிறுத்தும். அழுத்தத்தையும் தொடுவதையும் முழுசாக நிறுத்தாது. பல்லை அசைக்கும்போது வரும் அந்த அழுத்தத்துக்கு அஞ்சு வயதுப் பிள்ளையிடம் தனி வார்த்தை கிடையாது. எல்லாமே 'வலிக்குது'தான். அந்தப் பையன் அழுதபோது நான் போட்ட அந்த 1 மி.லி. வலிக்காகவா, பயத்துக்காகவா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பயத்துக்கு லிக்னோகெயின் மருந்தில்லை என்பது மட்டும் தெரியும்.

முதல் எச்சரிக்கை நம் கண்ணில் படாது

அளவு மீறினால் என்ன ஆகும்? புத்தகத்தில் வரிசையாக இருக்கும். வாயைச் சுற்றி மரமரப்பு, நாக்கில் உலோகம் மாதிரி ஒரு ருசி, காதில் ரீங்காரம், தலைசுற்றல், பேச்சு குழறுவது. அப்புறம் தசைகள் துடிப்பது, வலிப்பு. அதற்கும் மேலே போனால் மூச்சும் இதயமும்.

பல் மருத்துவத்தில் இருக்கிற சிக்கல் இங்கேதான். கையிலோ காலிலோ ஊசி போட்டுக்கொண்ட ஒருத்தர் "டாக்டர், உதடு மரத்துப்போகுது"ன்னா உடனே உஷாராகிவிடலாம். நாங்கள் மரத்துப்போக வைப்பதே உதட்டையும் நாக்கையும்தான். வாயில் பஞ்சு இருக்கும், பேச்சு ஏற்கெனவே குழறும். முதல் மணி அடிப்பது எங்களுக்குக் கேட்கவே கேட்காது. அறிகுறி வந்த பிறகு சுதாரித்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது. முன்கூட்டியே போட்ட கணக்குதான் காவல்.

குழந்தைகளிடம் இன்னும் கஷ்டம். சில பிள்ளைகளுக்கு முதலில் தெரிவது வெறும் தூக்கக் கலக்கமாக இருக்கலாம். அன்றைக்கு வலது பக்கத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பையனைப் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார வைத்தோம். நடுவில் அவன் கொட்டாவி விட்டான். விடியற்காலையில் கிளம்பி வந்த களைப்பா, என் மருந்தா? அவன் பெயரைக் கேட்டேன், என்ன சாப்பிட்டான் என்று கேட்டேன், விரலைக் காட்டி எண்ணச் சொன்னேன். அவனுக்கு என் மேல் எரிச்சலே வந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு மணி நேரம் எனக்கு எப்படிப் போனது என்று எனக்குத்தான் தெரியும்.

அப்படி ஏதாவது ஆகிவிட்டால்? ஊசியை நிறுத்த வேண்டும், மூச்சுப் பாதையைப் பார்க்க வேண்டும், ஆக்சிஜன் கொடுக்க வேண்டும், 108-ஐக் கூப்பிட வேண்டும். வலிப்பு வந்தால் அதற்கு மருந்து. பெரிய மருத்துவமனைகளில் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் ஒன்றை ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள், முதலில் கிலோவுக்கு 1.5 மி.லி. ரத்தத்தில் சுற்றுகிற மருந்தைப் பிடித்து மூளையிலிருந்தும் இதயத்திலிருந்தும் விலக்க இது உதவுகிறது. கை வைன்பெர்க் என்ற அமெரிக்க மயக்க மருத்துவரின் குழு 1998-ல் எலிகளில் காட்டிய விஷயம் இது. ஆனால் தெருமுனை கிளினிக்கில் இது இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அங்கே மிகப் பெரிய பாதுகாப்பு ஒரு எடை மெஷின்தான்.

கூடவே ரெண்டு பழக்கங்கள். ஒன்று, மருந்தைத் தள்ளுவதற்கு முன் சிரிஞ்சின் தண்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்ப்பது. ரத்தம் வந்தால் ஊசி ரத்தக் குழாய்க்குள் இருக்கிறது, இடத்தை மாற்ற வேண்டும். கீழ்த்தாடை நரம்பு ஊசியில் 10 முதல் 15 சதவீதம் தடவை இப்படி ரத்தம் வரும் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. ரெண்டு, மெதுவாகப் போடுவது. 1.8 மி.லி. போட குறைந்தது ஒரு நிமிஷம். அளவு சரியாக இருந்தும், நேராக ரத்தத்துக்குள் வேகமாகப் போனால் கணக்கு காப்பாற்றாது.

நீங்க என்ன செய்யலாம்?

டாக்டர் வேலையை நீங்க பார்க்க வேண்டாம். இந்த எண்களை வைத்துக்கொண்டு சேரில் படுத்தபடி சண்டையும் போட வேண்டாம். வரம்பு மருந்துக்கு மருந்து, ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் சில விஷயங்கள் உங்க கையில் இருக்கு.

குழந்தையைக் கூட்டிப் போகும்போது அதன் இன்றைய எடையைத் தெரிந்துகொண்டு போங்க. டாக்டர் கேட்காவிட்டாலும் "டாக்டர், பாப்பா 13 கிலோ"ன்னு சொல்லிடுங்க. அது யாருக்கும் அவமரியாதை இல்ல.

கல்லீரல், இதயம், சிறுநீரகம், தினமும் சாப்பிடுகிற மாத்திரை, கர்ப்பம், எல்லாவற்றையும் சொல்லுங்க. காலையில் வேறு கிளினிக்கில் ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லுங்க.

வீட்டில் மரத்துப்போகும் ஜெல் தடவியிருந்தால் அதுவும் கணக்குதான். பல் முளைக்கிற கைக்குழந்தைக்கு லிக்னோகெயின் திரவத்தைத் தடவவே கூடாது என்று அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2014-ல் கடுமையாக எச்சரித்தது. கைக்குழந்தைக்குக் கோடு எவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று இப்போ உங்களுக்கே கணக்குப் போடத் தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு, மரத்துப்போன உதட்டைப் பிள்ளை கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்குங்க. பல் வலி தெரிய ஆரம்பித்த பிறகும் உதடு மூன்று, நாலு மணி நேரம் மரத்தே இருக்கலாம்.

எல்லாப் பல்லையும் ஒரே நாளில் முடிக்கச் சொல்லி வற்புறுத்துவதற்கு முன், ஒரு நிமிஷம் யோசிங்க. இதைச் சொல்லும்போது எனக்கு அந்த அம்மாதான் ஞாபகம் வருகிறார்.

கடைசியாக

அன்றைக்கு அந்த அம்மாவிடம், "வலது பக்கம் இன்னைக்கு முடியாதும்மா, அடுத்த வாரம் வரணும்" என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "காலையிலேயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார், அவ்வளவுதான்.

அது சரியான பேச்சு. காலையிலேயே எடை பார்த்திருந்தால், 3 மி.லி.தான் கையில் இருக்கிறது என்று தெரிந்திருக்கும். அதை எப்படிப் பங்கு போடுவது என்று யோசித்திருப்பேன். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருப்பேன், சீனியரைக் கூப்பிட்டிருப்பேன், குறைந்தபட்சம் "ரெண்டு தடவை வரணும்"ன்னு முதலிலேயே சொல்லி, அவருக்கு வசதியான நாளைக் கேட்டிருப்பேன். மருந்து எல்லை மீறாமல் அக்கா காப்பாற்றினார். அந்த ஒரு நாள் கூலி போனது மட்டும் என் கணக்கில் நிற்கிறது.

அடுத்த வாரம் அவர்கள் வந்தார்கள். பையன் என்னைப் பார்த்ததும் அம்மா பின்னால் ஒளிந்தான். சேரில் ஏற்றுவதற்கு முன் எடை மெஷினில் ஏற்றினேன். பேப்பரில் மேலே எடை, அதற்குக் கீழே அதிகபட்சம் எத்தனை மி.லி. என்று எழுதினேன். போட்ட ஒவ்வொரு மி.லி.க்கும் அக்கா பக்கத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். ரெண்டு கோட்டில் வேலை முடிந்தது.

இன்றைக்கு என் கிளினிக்கிலும் அதே முறைதான். யாராக இருந்தாலும் ஊசிக்கு முன்னால் எடை, எல்லை, அப்புறம் கோடு. 'இருக்கும்' என்று யாராவது சொன்னால், 'இருக்கா'ன்னு கேட்க ஒருத்தர் பக்கத்தில் நிற்பார்.

இதெல்லாம் பொதுவான விளக்கம்தான். உங்க உடம்புக்கு எது சரி என்பதை உங்க டாக்டரிடம் கேட்டுக்குங்க. பல் மருத்துவம் படிக்கிற யாராவது உங்க நட்பு வட்டத்தில் இருந்தால் இந்த எபிசோடை அனுப்புங்க. சந்தேகம் இருந்தால் வழக்கம்போல வாய்ஸ் நோட் போடுங்க. அடுத்த வாரம் ஞானப்பல்லைப் பற்றிப் பேசலாம். அதை எடுத்தே ஆகணுமா, விட்டுடலாமான்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அதுவரைக்கும், ராத்திரி பல் தேய்ச்சுட்டுத் தூங்குங்க.